தரையில் வரைந்த பள்ளம்

2025-ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வார இறுதியில், திருவிடந்தையில் தமிழ்நாடு சுற்றுலாத் துறை பலூன் திருவிழா நடத்தியது. 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சிக்காக டாங்கிகளும் பீரங்கிகளும் வந்து நின்ற அதே ஊர். நித்யகல்யாணப் பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள், சாலையோரம் வண்டியை நிறுத்தியவர்கள் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆறேழு மாடி உயரமுள்ள வெப்பக்காற்றுப் பலூன் ஒன்று மேலே ஏறிவிட்ட பிறகு, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் இதோ தலைக்கு மேலே என்பார். இன்னொருவர் கோவளத்தைத் தாண்டிவிட்டது என்பார். இரண்டு பேருக்கும் பார்வையில் குறையில்லை. வெறும் வானத்தில் தொலைவைச் சொல்லும் தடயங்கள் இல்லை, அவ்வளவுதான்.

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சராசரியாக ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் சற்றே வேறுபட்ட படம் விழுகிறது. அந்த வேறுபாட்டை அளந்துதான் மூளை ஆழத்தைக் கணிக்கிறது. 1838-ல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன், இரண்டு கண்ணாடிகளும் இரண்டு கோட்டுச் சித்திரங்களும் வைத்து இதை நிரூபித்துக் காட்டினார். மூன்று மீட்டர் தொலைவிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களின் பார்வைக் கோடுகளுக்கு இடையே 1.2 பாகைக் கோணம் இருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பலூனுக்கு அது ஒரு பாகையில் 280-ல் ஒரு பங்குதான். மிகக் கூர்மையான கண்களுக்கே இது எல்லைக்கோடு. ஆக, தொலைவிலுள்ளதைப் பார்க்கும்போது நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒற்றைக் கண்ணர்களே.

அப்போது மூளை வேறு சாட்சிகளைத் தேடும். எது எதை மறைக்கிறது, தரை எவ்வளவு நீளம் தெரிகிறது, நிழல் எங்கே விழுகிறது, நிறம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று பார்க்கும். எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி அசைவு. ஈ.சி.ஆர். எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாலையோரச் சவுக்குகள் பின்னோக்கிப் பறக்கும். அவற்றுக்குப் பின்னாலுள்ள பனைகள் மெல்ல நகரும். அடிவானத்து மேகம் கூடவே வரும். தலையை ஒரு சாண் அசைத்தாலும் இதே கணக்கு சிறிய அளவில் நடக்கிறது. இதை இடமாறு தோற்றம் என்று பள்ளியில் படித்திருப்போம். இந்தச் சாட்சிகளில் எதை நிறுத்தி வைத்தால் எது பொய் சொல்லும் என்று தெரிந்துகொண்டவர்கள் கட்டும் இடங்கள்தான், இன்று குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற ‘உள்ளே நுழைந்து பார்க்கும்’ கலைக்கூடங்கள்.

திருவிடந்தையிலிருந்து வடக்கே போனால் கோவளம், முட்டுக்காடு, கானத்தூர், பனையூர் தாண்டி ஈஞ்சம்பாக்கம் வரும். அங்கே வி.ஜி.பி. வளாகத்தில் ஓவியர் ஏ.பி. ஸ்ரீதர் 2016-ல் கிளிக் ஆர்ட் மியூசியத்தைத் திறந்தார். சுவரிலும் தரையிலும் பெரிய ஓவியங்கள். பார்வையாளரே ஓவியத்துக்குள் ஒரு பாத்திரமாக நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே வளாகத்தின் வாசலில் சிலை மனிதர் நிற்பார் என்பது சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இமையைக்கூட அசைக்காமல் நிற்கும் அவரைச் சிரிக்க வைக்க மூன்று தலைமுறைப் பிள்ளைகள் முயன்றிருக்கிறார்கள். பார்ப்பவர் சேர்ந்துகொண்டால்தான் நிறைவடையும் கலை அந்த வளாகத்துக்குப் புதிதில்லை.

இத்தகைய கூடங்களில் தரை ஓவியம் எப்படி வரையப்படுகிறது என்பதைக் கணக்கோடு பார்த்தால்தான் அதன் அழகு புரியும். உங்களிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் உயரமுள்ள ஒரு சிறுவன் நிற்பதுபோல் தரையில் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்ணிலிருந்து சிறுவனின் உச்சந்தலை வழியாக ஒரு நேர்கோடு இழுத்தால் அது எங்கே தரையைத் தொடும்? ஒன்பது மீட்டரில். சிறுவனின் பாதம் மூன்று மீட்டரில், தலை ஒன்பது மீட்டரில். ஒரு மீட்டர் பையனுக்காக ஆறு மீட்டர் நீளத்துக்குத் தரையில் வண்ணம் பூச வேண்டும். மேலிருந்து பார்த்தால் கால்கள் ஒழுங்காகவும், தலை நோக்கிப் போகப்போக நம்ப முடியாத அளவு இழுபட்டு அகன்றும் கிடக்கும். குறியிட்ட இடத்தில் நின்றால் அத்தனையும் சுருங்கி நிமிர்ந்து நிற்கும். உங்கள் குழந்தை செல்போனை வாங்கி 1.2 மீட்டர் உயரத்தில் பிடித்தால் அதே ஓவியச் சிறுவன் 80 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுவான். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தால் சாய்ந்துவிடுவான். ஓவியர் ஒரேயொரு புள்ளிக்காக வரைந்திருக்கிறார். அந்தப் புள்ளியில்தான் ‘இங்கே நிற்கவும்’ என்று தரையில் பாத அடையாளம் போட்டிருப்பார்கள்.

இந்த வித்தை பழையது. லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மட்டுமே சரியாகத் தெரியும் ஒரு கண் இருக்கிறது. 1533-ல் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் தீற்றல், ஓரமாகப் போய் நின்று பார்த்தால் மண்டையோடாக மாறும். ஆனால் எனக்கு இவற்றைவிடப் பிடித்தது ஃபிளாரன்ஸ் நகரத்துக் கதை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் புரூனெலெஸ்கி, அந்நகரின் எண்கோணத் திருமுழுக்குக் கோயிலை ஒரு சிறு பலகையில் இம்மி பிசகாமல் வரைந்தார். பலகையின் நடுவே ஒரு துளை போட்டார். பார்ப்பவர் பலகையின் பின்பக்கமாக அந்தத் துளையில் ஒரு கண்ணை வைத்து, மறு கையில் ஒரு முகக்கண்ணாடியை எதிரே பிடித்து, அதில் பிரதிபலிக்கும் ஓவியத்தைப் பார்க்க வேண்டும். வானம் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் பூசாமல் மெருகேற்றிய வெள்ளியை ஒட்டியிருந்தார். உண்மையான மேகங்கள் அதில் ஊர்ந்து போயின. பார்த்தவர்கள் நிஜக் கோயிலையே பார்ப்பதாக உணர்ந்தார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார்.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே புரூனெலெஸ்கிக்குத் தெரிந்திருக்கிறது: இரண்டு கண்ணும் திறந்திருந்தால், தலை அசைய முடிந்தால், தட்டையான பலகை தட்டையாகவே தெரிந்துவிடும். ஆகவே ஒரு கண்ணை மூடு, தலையை நிறுத்து. இன்றைக்கு அந்தத் துளையின் வேலையைச் செல்போன் செய்கிறது. கேமராவுக்கு ஒரே கண். படம் எடுத்த கணத்தில் அசைவும் உறைந்துவிடுகிறது. அதனால்தான் கூடத்தில் நேரில் பார்க்கும்போது வெறும் வண்ணத் திட்டுகளாக இருப்பது, திரையில் பார்த்ததும் பாம்பாகவும் பாதாளமாகவும் எழுந்து நிற்கிறது. குழந்தைகள் ஓவியத்தைப் பார்க்காமல் போனையே பார்க்கிறார்கள் என்று அங்கே சில பெற்றோர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். குழந்தைகள் செய்வதே சரி. ஓவியம் போனில்தான் முடிகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கை என் வீட்டிலேயே பார்த்தேன். இப்படியொரு கூடத்துக்கு என் அம்மாவையும் அக்கா மகனையும் அழைத்துப் போயிருந்தேன். தரையில் ஒரு பெரிய பள்ளம் வரையப்பட்டிருந்தது. செங்கல் சுவர், கீழே இருட்டு, குறுக்கே ஒரு ஒடுக்கமான பலகை. பையன் நேரே போய்ப் பள்ளத்தின் நடுவில் குதித்தான். அம்மா பாத அடையாளத்துக்கு அருகிலேயே நின்றுவிட்டார்.

“டேய், ஓரமா வாடா. விழுந்துடப் போற.”

“பாட்டி, சும்மா பெயிண்ட் பாட்டி! வாங்க, ஒண்ணும் ஆகாது.”

அம்மா கால் பெருவிரலை நீட்டி, பள்ளத்தின் விளிம்பாகத் தெரிந்த இடத்தைத் தடவினார். சிமெண்டுத் தரை தட்டுப்பட்ட பிறகும் உடனே அடி எடுத்து வைக்கவில்லை. இன்னொரு முறை சற்றுத் தள்ளித் தடவிப் பார்த்துக்கொண்டுதான் நடந்தார். பையனுக்கு இது வேடிக்கை. எனக்கு ஏன் என்று புரிந்தது. அம்மாவுக்கு இடது கண்ணில் மட்டும் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள். வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. ஒரு கண்ணின் படம் தெளிவாகவும் மறு கண்ணின் படம் பனிமூட்டமாகவும் இருந்தால் மூளையால் இரண்டையும் ஒப்பிட முடியாது. கேமராவுக்கும் அம்மாவுக்கும் அன்றைக்கு ஒரே நிலை. போன் இல்லாமலே அந்தப் பள்ளம் அவருக்கு ஆழமாகத் தெரிந்தது.

பிறவியிலேயே மாறுகண் உள்ளவர்களில் பலருக்கும் இந்த இருவிழி ஆழம் கிடைப்பதில்லை. அவர்கள் நிழல், அளவு, அசைவு ஆகியவற்றைக் கொண்டே நன்றாக வாழ்ந்துவிடுகிறார்கள். சிலருக்கு அப்படியொன்று தங்களிடம் இல்லை என்பதே தெரியாது. ஆனால் நடுவயதுக்கு மேல் ஒரு கண் மட்டும் மங்குகிறவர்களின் நிலை வேறு. படிக்கட்டின் கடைசிப் படி எங்கே முடிகிறது, டம்ளரில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்பதெல்லாம் திடீரென்று சந்தேகமாகிவிடும். அது சிலரை விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில் கொண்டுபோய் விடும். ஒரு கண் நன்றாகத் தெரிகிறதே, அது போதும் என்று பெரியவர்கள் இரண்டாவது அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடுவதை நான் நிறையப் பார்க்கிறேன். தள்ளிப் போடாதீர்கள் என்று இந்தக் கட்டுரையின் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண் மருத்துவமனைகளில் இதைச் சோதிக்க ஒரு சிறு புத்தகம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெரிய ஈயின் படம். சாதாரணமாகப் பார்த்தால் சற்று கலங்கிய அச்சு போலிருக்கும். முனைவாக்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம் தனித்தனியே போய்ச் சேரும். 1984-ல் வந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ பார்க்கத் தியேட்டரில் கொடுத்த கண்ணாடியின் தத்துவம்தான். ஈயின் இறக்கையைக் கிள்ளச் சொல்வார்கள். இருவிழிப் பார்வை உள்ளவரின் விரல்கள் காகிதத்துக்கு மேலே, காற்றிலேயே கிள்ளும். அது இல்லாதவரின் விரல்கள் காகிதத்தைத் தொட்டுவிடும். அம்மாவின் விரல்கள் காகிதத்தைத் தொட்டன. ஊடாடும் கலைக்கூடங்களில் மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் அந்த ஒரு பக்கம்தான் என்பேன்.

தரை ஓவியத்தில் நம்மை ஒரு புள்ளியில் நிறுத்தி ஏமாற்றுகிறார்கள். சுவரெங்கும் ஓவியத்தை ஒளியாகப் பாய்ச்சும் ஒளிக்கூடங்களில் நம்மை நடக்கவிட்டே ஏமாற்றுகிறார்கள். 2018-ல் பாரிஸில் பழைய வார்ப்பாலைக் கட்டடம் ஒன்றில் ஒளிக்கூடம் திறந்தது. அதே ஆண்டு டோக்கியோவில் டீம்லேப் குழு ‘பார்டர்லெஸ்’ என்ற பெரும் கூடத்தைத் தொடங்கியது. 2023-ல் வான்காவின் ஓவியங்கள் மும்பையில் சுவர், தரை எங்கும் ஓடும் ஒளியாக விரிந்தன. இங்கெல்லாம் முதலில் எடுத்துப்போடுவது சட்டகத்தை. ஓவியத்தைச் சுற்றி மரச் சட்டம் இருந்தால், இது படம், அது சுவர் என்று கண் பிரித்துவிடும். சட்டம் இல்லை, அறை இருட்டு, பல புரொஜெக்டர்களின் ஒளி விளிம்பு தெரியாமல் ஒன்றோடொன்று கலந்திருக்கிறது என்றால் பிடித்துக்கொள்ள மூளைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பிறகு அந்த ஒளி நகரத் தொடங்கும். அப்போது நடப்பதைச் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் எல்லோரும் அனுபவித்திருப்போம். நம் வண்டி நிற்கும். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி கிளம்பும். ஒரு கணம் நாம்தான் பின்னால் போகிறோம் என்று வயிறு சொல்லும். நாம் நேராக நகரும்போது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேகம் மாறுவதை மட்டுமே உணரும். சீரான வேகத்தில் போவதும் சும்மா உட்கார்ந்திருப்பதும் அதற்கு ஒன்றே. அதனால் பார்வைப் பரப்பு முழுவதும், குறிப்பாகக் கண்ணின் ஓரங்களில், எல்லாம் ஒரே திசையில் நகர்ந்தால் மூளை கண்ணின் பேச்சைக் கேட்டுக்கொள்கிறது. உலகம் நகரவில்லை, நான் நகர்கிறேன் என்ற முடிவுக்கு வருகிறது. எர்ன்ஸ்ட் மாக் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். ஒளிக்கூடத்தில் நாலு பக்கமும் கோதுமை வயல் இடப்புறமாக ஓடும்போது நிற்கிறவர்கள் தம்மையறியாமல் லேசாகச் சாய்வதை ஓரமாக நின்று கவனித்தால் காணலாம்.

சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1974-ல் டேவிட் லீயும் எரிக் அரான்சனும் ஒரு விசித்திர அறையைக் கட்டினார்கள். தரை அசையாது. சுவர்களும் கூரையும் மட்டும் முன்னும் பின்னும் ஆடும். அப்போதுதான் நிற்கப் பழகிய, 13 முதல் 16 மாதக் குழந்தைகளை அதற்குள் நிறுத்தினார்கள். சுவர் சற்று நகர்ந்ததும் குழந்தைகள் தள்ளாடினார்கள். பலர் தொப்பென்று விழுந்தார்கள். தரை உறுதியாக இருக்கிறது என்று பாதம் சொன்னதைவிட, சாய்கிறாய் என்று கண் சொன்னதையே அவர்கள் நம்பினார்கள். பெரியவர்களுக்கும் இந்த நம்பிக்கை உண்டு. தசைகள் பழகிவிட்டதால் விழாமல் சமாளிக்கிறோம். ஆக, ஒளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஒன்றரை வயதுப் பிள்ளை இடுப்பை விட்டு இறங்க மறுத்து அழுதால் அதைப் பிடிவாதம் என்று திட்ட வேண்டாம். அதன் காலடியில் உலகம் உண்மையாகவே நழுவிக்கொண்டிருக்கிறது. ஒரு சுவரோரம் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போதும். தொடு உணர்வு கொடுக்கும் சாட்சி, கண்ணின் வாதத்தைப் பலவீனமாக்கிவிடும். தலைசுற்றல் உள்ள பெரியவர்களுக்கும் இதே வழி.

கை வைத்தால் பூ மலர்கிறது, கால் வைத்தால் மீன் விலகுகிறது என்ற ஊடாடும் பகுதிதான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மைரன் குரூகர். 1970-களிலேயே ‘வீடியோபிளேஸ்’ என்ற அமைப்பில், பார்வையாளரின் நிழலுருவைக் கேமராவால் பிடித்து, திரையில் உள்ள உருவங்களோடு விளையாடவிட்டார். 2010-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கினெக்ட் கருவி வந்த பிறகு இது கலைஞர்களின் கைக்கெட்டும் விலைக்கு இறங்கியது. அந்தக் கருவி அறைக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவும். சற்றுத் தள்ளிப் பொருத்திய கேமரா அப்புள்ளிகள் எவ்வளவு இடம் மாறியிருக்கின்றன என்று அளக்கும். உங்கள் கை பக்கத்தில் இருந்தால் புள்ளி அதிகம் நகரும், சுவர் தொலைவில் இருந்தால் குறைவாக. வீட்ஸ்டன் காட்டிய அதே இருவிழிக் கணக்கு! நம்மை ஒற்றைக் கண்ணர்களாக்கிவிட்டு, கருவி மட்டும் இரண்டு கண்ணோடு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது தாமதம். 1990-களின் கடைசியில் லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோரும் அவருடைய குழுவினரும், நமக்கு நாமே ஏன் கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை என்று ஆராய்ந்தார்கள். ஒரு கையால் நெம்புகோலை அசைத்தால் ஒரு இயந்திரக் கை மறு உள்ளங்கையைப் பஞ்சால் வருடும். உடனுக்குடன் வருடினால் கூச்சம் குறைவு. நொடியில் பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு என்று தாமதத்தைக் கூட்டக் கூட்டக் கூச்சமும் கூடியது. தன் செயலின் விளைவு எப்போது வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்துக்குள் வந்தால் ‘இது நான் செய்தது’. பிந்தினால் ‘யாரோ செய்தது’. பூ தாமதமாக மலரும் கூடத்தில் பிள்ளைகள் சட்டென்று சலித்து ஓடிவிடுவதற்குக் காரணம் இதுதான். பொறுமை இல்லாத தலைமுறை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கருவி பிந்தியது என்பதே சரியான விளக்கம்.

தொட்டுச் செய்து பார்க்கும் இடம் வேண்டுமென்றால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறக்கப்பட்டது. தென்னகத்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். திருகையில் சுழலும் ஈரக் களிமண்ணில் பிள்ளைகள் கை வைக்கலாம். அங்கே தாமதமே கிடையாது.

ஆனால் இந்தக் கடற்கரைச் சாலையில் ஒரு குடும்பம் ஒரே ஒரு கலைப்படைப்பைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் தெற்கே திரும்பத்தான் சொல்வேன். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்குதல் என்றும் சொல்லப்படும் அந்தப் பாறை, ஏறக்குறைய 96 அடி அகலம், 43 அடி உயரம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் செதுக்கியது. பெரிய யானைகள் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கின்றன. நடுவே இயற்கையான ஒரு பிளவு, அதில் நாகர்கள் மேல்நோக்கி வருகிறார்கள். பாறைக்கு மேலே நீர்த்தொட்டி இருந்ததன் எச்சங்கள் உள்ளன. பிளவின் வழியே தண்ணீரை இறக்கியிருப்பார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நீர் வழியும்போது நாகர்களின் உடல் பளபளத்து நெளிவதுபோல் தெரிந்திருக்கும். சட்டகம் இல்லாத, நகரும், பார்வையை முழுவதும் நிறைக்கும் கலை புரொஜெக்டருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டு மூத்தது.

இங்கே பாத அடையாளம் கிடையாது. எந்த ஒரு புள்ளிக்காகவும் இது செதுக்கப்படவில்லை. அதனால் இதைப் பார்க்கும் முறையும் வேறு. போனைப் பையில் போட்டுவிட்டு, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை மெதுவாக நடந்து பாருங்கள். தலை நகர நகர, யானையின் துதிக்கை அதன் காலுக்கு முன்னால் விலகும். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் பாறையிலிருந்து பிரிந்து வரும். பெரிய யானைக்கு அருகே இரண்டு முன்னங்கால்களையும் உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும், அதைச் சுற்றி நம்பி நிற்கும் எலிகளையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நடப்பதால் இங்கே எதுவும் கலைவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஆழம் கூடுகிறது. ஈஞ்சம்பாக்கத்து ஓவியத்தையும் நான் ரசிக்கிறேன். ஆனால் அது என்னைக் கட்டிப்போட்டால்தான் உயிர்பெறும். இது என்னை அவிழ்த்துவிட்டால்தான்.

நேரமும் முக்கியம். பாறை கிழக்கு பார்த்தது. கடலிலிருந்து ஏறும் வெயில் காலையில் நேரே முகத்தில் அடிக்கும். வெயில் உச்சியை நெருங்க நெருங்கச் சிற்பங்களின் புருவம், தோள், துதிக்கை எல்லாம் கீழ்நோக்கி நிழலிடும். அப்போதுதான் புடைப்புகள் நன்றாக எழும். பிற்பகலில் முகம் முழுவதும் நிழலாகி எல்லாம் சற்றுத் தட்டையாகிவிடும்.

நிழலை மூளை எப்படி வாசிக்கிறது என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். 1988-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அவருடைய ஆய்வு மிக எளியது. மேல்பாதி வெளிச்சமாகவும் கீழ்பாதி இருட்டாகவும் நிழலிட்ட வட்டங்கள் குமிழ்களாகத் தெரிகின்றன. அதையே தலைகீழாக்கினால் குழிகளாகத் தெரிகின்றன. வெளிச்சம் ஒன்றே ஒன்று, அது மேலிருந்துதான் வரும் என்று மூளை முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறது. கதிரவனின் கீழ் வளர்ந்த உயிரினத்துக்கு வேறெப்படி இருக்கும்?

இதைச் சோதிக்க மாமல்லபுரத்தைவிட நல்ல இடம் இல்லை. குன்றின்மேல் ஏறினால், பாறையைப் பிளப்பதற்காக உளியால் வரிசையாக இட்ட சிறு குழிகளைச் சில இடங்களில் காணலாம். வெயில் நன்றாக விழும் நேரத்தில் செங்குத்தான பாறை முகத்தில் உள்ள ஒரு வரிசையை அருகிலிருந்து படம் எடுங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். குழிகள் அத்தனையும் ஒரு கணத்தில் குமிழ்களாக எழுந்து நிற்கும். இப்போது பிள்ளைகளைப் பாறைக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாக அதே வரிசையைப் பார்க்கட்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை குழி குழியாகவே இருக்கும். ஒரு கண்ணை மூடி, தலையை ஆட்டாமல் சற்று நேரம் பார்த்தால் சிலருக்கு அது மெல்லப் புரண்டு குமிழாகும். தலையை அரை அங்குலம் அசைத்ததும் மறுபடி குழியாகிவிடும். யாருக்குப் புரள்கிறது, யாருக்குப் புரளவில்லை என்று பிள்ளைகளே கணக்கெடுக்கட்டும். தாத்தா பாட்டிக்குக் குனிய முடியாவிட்டால் படம் போதும்.